கைபடாத நேரம்

கிளிப்பைக் கழற்றியாயிற்று. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, அதுதான் சிரமம். டாக்டர் உலகம்மை மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, முக்காலியோடு ஒரு சாண் பின்னால் நகர்ந்து, கையுறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாள். பச்சைத் துணிகளுக்கு நடுவே முனீஸ்வரியின் வலது கை மட்டும் வெளியே நீண்டு மல்லாந்து கிடந்தது. நான்கு விரல்களுக்கு உயிருள்ள நிறம். கட்டைவிரல் மட்டும் மெழுகுவர்த்திபோல் வெளுத்து, இந்தக் கையோடு எனக்கென்ன சம்பந்தம் என்பதைப்போலக் கிடந்தது. காலையில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில், காலண்டர் தாள் வெட்டும் கத்தி இறங்கிய வேகத்தில் கையைவிட்டுப் போன விரல் அது. எலும்பைக் கம்பியால் கோத்து, தசைநாணையும் நரம்புகளையும் சேர்த்து, சேமியா இழை கனம்கூட இல்லாத ரத்தக்குழாய்களை, வெறுங்கண்ணுக்குத் தெரியாத நூலால் தைத்து முடித்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. குழாயைக் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்தால் ரத்தம் பாய வேண்டும். பாயும். ஆனால் உடனே பாயாது. வெட்டுப்பட்ட குழாய் மிரண்டு சுருங்கிக் கிடக்கும், தொட்டால் இன்னும் சுருங்கும். ஏசியை நிறுத்திவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீரை மேலே விட்டுக்கொண்டு, கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். புதிதாக வருகிற மாணவர்களிடம் அவள் முதல் நாளே சொல்வாள், தைக்கிறதை நான் சொல்லித் தரேன், தைச்ச பிறகு சும்மா இருக்கிறதை நீங்களாத்தான் கத்துக்கணும் என்று. சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் வேர்வை ஒரு கோடாக இறங்கி முதுகுக்குள் போனது. மதுரை வெயிலில் ஏசி இல்லாத ஆபரேஷன் தியேட்டர். இங்கிலாந்தில், லீட்ஸில் இருந்தவரை காத்திருப்பு என்றால் குளிர்தான். அங்கே ஹீட்டரைக் கூட்டச் சொல்வார்கள், இங்கே ஏசியை நிறுத்தினாலே போதும், விரலுக்கு வேண்டிய சூட்டை ஊரே கொடுத்துவிடும்.

"என்ன மேடம், இன்னைக்கு யாரு ஆரம்பிக்கா?" என்றார் அருமைநாயகம். மயக்க மருந்து டாக்டர். தூத்துக்குடிக்காரர். முனீஸ்வரியின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் நாடித்துடிப்பு திரையில் ஓடுவதை அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தியேட்டரில் அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது. கிளிப்பை எடுத்த பிறகு விரலைப் பற்றி யாரும் பேசக் கூடாது. வந்துவிட்டதா என்று கேட்கவே கூடாது. சாப்பாட்டைப் பற்றித்தான் பேச வேண்டும். யார் ஏற்படுத்தியது என்று தெரியாது, ஆனால் மீறி ஒருமுறை ஒரு மாணவன் "மேடம், கலர் வரலியே" என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரும் அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. "நேத்து எங்க வீட்டுல சுறாப்புட்டு," என்று அவரே ஆரம்பித்தார். "கேட்டியளா, மாமியார் வந்திருந்தா. பூண்ட அள்ளிப் போட்டு, தேங்காயக் கொஞ்சமா போட்டு." சிஸ்டர் ஸ்டெல்லா உப்புநீர்ப் பாத்திரத்தை மாற்றிக்கொண்டே, "டாக்டர் வீட்டுல டெய்லி மீனுதான், மாமியாருக்கு மட்டும் சுறாவாக்கும்" என்றாள். எதிரில் உட்கார்ந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் துளித் துளியாக விரல்மேல் நீர் விட்டுக்கொண்டிருந்த ஃபர்ஹானா சிரித்தாள். சிரித்தாலும் அவள் கை ஆடவில்லை. உலகம்மையிடம் மேற்படிப்பில் மூன்றாம் வருடம் படிக்கிற பெண். பிராய்லர் கோழிக் காலில் இருக்கிற ரத்தக்குழாயில் தைத்துப் பழகியவள். தெருமுனைக் கறிக்கடைக்காரர் இவர்களுக்கென்றே தோல் உரிக்காமல் கால்களை எடுத்து வைப்பார், ஹாஸ்டல் பிரியாணிக்கு என்று நினைத்துக்கொண்டு. பழகி முடித்த கால்களை என்ன செய்கிறீர்கள் என்று உலகம்மை ஒருநாள் கேட்டபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்டிருக்க வேண்டாம்.

பின்பக்கத் தையல். மூன்றாவது. அதுதான் இப்போது வந்து நிற்கிறது. சுறாப்புட்டுக்கும் கோழிக்காலுக்கும் நடுவில் எப்படிப் புகுந்ததோ. குழாயின் வாயைச் சுற்றி எட்டுத் தையல், எல்லாம் உலகம்மையே போட்டது, மற்ற ஏழில் ஒரு குறையுமில்லை. மூன்றாவதில் மட்டும் ஊசி நுனி ஒரு கணம் கண்ணிலிருந்து தப்பியது. கண்ணைச் சிமிட்டினாள், அவ்வளவுதான். சிமிட்டிய நேரத்தில் ஊசி பின்சுவரோடு முன்சுவரையும் சேர்த்துப் பிடித்திருந்தால் குழாய் உள்ளே அடைத்திருக்கும், வெளியே அழகாகத் தெரியும். இல்லை, இழுத்துப் பார்த்தபோது வாய் வட்டமாகத் திறந்ததே. திறந்ததா, திறந்ததாக நினைத்துக்கொண்டாளா. நாற்பத்தெட்டு வயதில் கண் கொஞ்சம் பிகு பண்ணத்தான் செய்யும். மெனு கார்டைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாள், மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறாள், மைக்ராஸ்கோப்புக்குக் கீழே மட்டும் இதுவரை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்கிறாள். வேடிக்கை என்னவென்றால் கை ஓடும்போது அவள் மனம் இங்கிலீஷில் ஓடும், இடம் வலம் ஆழம் எல்லாம் இங்கிலீஷ். கை நின்றதும் பயம் தமிழில் வரும். எட்டாம் வகுப்புவரை தென்காசியில் தமிழ்வழி, அதற்குப் பிறகு எல்லாம் அந்த மொழி. எட்டாம் வகுப்புக்குள்ளேயே பயப்படக் கற்று முடித்துவிட்டாள்போல. லீட்ஸில் அவளை அல்லா என்றும் உல்லா என்றும் கூப்பிட்டார்கள். தென்காசிக் கோயில் அம்மன் பெயர் என்று விளக்கப்போய், ஓ, தேவதையா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு மறுநாளும் உல்லா. அங்கே கிளிப்பை எடுத்தபின் யாரும் பேச மாட்டார்கள். ரேடியோ சன்னமாக ஓடும். பெரிய டாக்டரம்மாள் எழுந்துபோய்த் தன் டீக் கோப்பையைத் தானே கழுவுவாள், ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்ப. பதினாறு வருஷம் அந்த மௌனம். நல்ல மௌனம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நோயாளி அதில் ஒருநாளும் சேர்ந்துகொண்டதில்லை.

"டாக்டரம்மா," என்று துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. வலது கையை மட்டும் மரக்கச் செய்திருந்ததால் முனீஸ்வரி விழித்துத்தான் இருந்தாள், நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருந்தாள். "என்ன பேச்சு மூச்சக் காணோம், நீங்க மட்டும்? அந்த டாக்டரு சுறாவப் பத்திப் பேசுறாரு, நீங்க வாயத் தொறக்க மாட்டேங்கிறீக." "கேட்டுட்டுத்தான் இருக்கேன்மா. நீங்க சொல்லுங்க, உங்க வீட்டுல என்ன?" "எங்க வீட்டுல என்னத்த, வெறும் சாம்பாரு. சனிக்கெழமன்னா கருவாடு. எனக்குச் சோத்த இறுக்கிப் பெசஞ்சு உருட்டித்தான் சாப்பிடணும், எம்மக பாட்டுக்கு ஸ்பூனு வச்சுத் திங்கும், அதெல்லாம் ஒரு சாப்பாடா?" உலகம்மை விரலைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று வைத்திருந்தவள் பார்த்துவிட்டாள். வெள்ளை. லீட்ஸில் கட்டைவிரலின் அருமையைச் சொல்ல பேனாவைக் காட்டுவார்கள், சட்டைப் பொத்தானைக் காட்டுவார்கள். இங்கே வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது, வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு தட்டுச் சோற்றைக் கொடுத்து, கட்டைவிரலை உள்ளங்கையோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு, சாப்பிடுங்கள் என்றால் போதும் என்று. நான்கு விரல் சோற்றை வாய்வரைக்கும்தான் கொண்டுபோகும். உள்ளே தள்ளுவது கட்டைவிரல். பிள்ளைகள் வாயெல்லாம் அப்பிக்கொண்டு சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அன்றைக்குத்தான் ஃபர்ஹானா, மேடம், நான் கை சர்ஜரியே எடுக்கிறேன் என்று சொன்னது. இந்த ஊருக்குத் திரும்பி வந்ததற்கு இதெல்லாம் போதும் என்று தோன்றுகிற நாட்கள் உண்டு. நிறையவே உண்டு. மாதத்துக்கு ஒருமுறை கொடைக்கானல் அடிவாரத்தில் முகாம், அண்ணப்பிளவுக் குழந்தைகள், கொதிக்கிற குழம்பு விழுந்து முழங்கை மடங்கிப்போன பிள்ளைகள். அதற்கான செலவை மூக்கைக் கூராக்கிக்கொள்ள வருகிறவர்கள் தெரியாமலே கொடுத்துவிடுகிறார்கள். மூக்கைக் குறையாக நினைக்கிற மனிதர்கள் உள்ளவரை முகாம் நடக்கும்.

அப்புறம் கேரட். அதுவும் வந்துவிட்டது மனத்துக்குள், காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தது. திரும்பிப் பார்த்தாள். ஓரத்து மேஜையில் எஃகுக் கிண்ணத்தில் அது இருந்தது, விரல் நீளத்துக்கு ஒரு கேரட் துண்டு. திரும்பி வந்த புதிதில் சிவகாசியிலிருந்து வெட்டுப்பட்ட விரல்கள் வரும், மஞ்சள்பொடியில் புரட்டி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஐஸ்கட்டியில் நேரே புதைத்துக் கல்லாக உறைந்து. அன்போடுதான் கொண்டுவருவார்கள். அந்த அன்பில் விரல் செத்துப்போயிருக்கும். அப்போது தொடங்கியதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை. அச்சகம் அச்சகமாகப் போய், முருகனும் லட்சுமியும் அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கிற காலண்டர் கட்டுகளுக்கு நடுவில் நின்று, ஒரு கேரட்டை எடுத்து எல்லோர் கண்முன்னும் நறுக்கென்று வெட்டுவாள். இது விரல்னு வச்சுக்கோங்க. சுத்தமான துணியை நனைச்சுப் பிழிஞ்சு இதைச் சுத்துங்க. பாலித்தீன் கவர்ல போட்டுக் காத்துப் போகாமக் கட்டுங்க. அந்தக் கவரை இன்னொரு ஐஸ் கவருக்குள்ள வைங்க, ஐஸ் விரல் மேல படவே கூடாது. ஒரு அக்கா எழுந்து, "பிளாஸ்டிக் சர்ஜரின்னா பிளாஸ்டிக் வெரலா வைப்பீக? பேசாம இந்தக் கேரட்டையே வச்சிருங்க" என்று கேட்டு ஷெட்டே சிரித்தது. இன்று காலை முனீஸ்வரியோடு வேலை செய்கிற பொன்னுத்தாய் அந்த வாசகம் பிசகாமல் கொண்டுவந்திருந்தாள், ஈரத்துணி, உள்கவர், வெளிக்கவர், ஐஸ். அவசர சிகிச்சை அறையில் துணியைப் பிரித்தபோது விரலும் இருந்தது, பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டு கேரட்டும் இருந்தது. இதென்ன என்று ஸ்டெல்லா கேட்டதற்கு, பொன்னுத்தாய் கொஞ்சம் கோபமாகவே, "டாக்டரம்மாதான போட்டுக் காட்டுனாக? எல்லாம் அவுக சொன்ன மாதிரிதான் செஞ்சுருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உலகம்மையும் சிரித்தாள், சிரித்துக்கொண்டேதான் கை கழுவப் போனாள். இப்போதுதான், செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லாத இந்த நேரத்தில்தான், அந்தச் சிரிப்பு தொண்டையில் திரும்பி வந்து நிற்கிறது. அச்சகத்தில் கேரட் ஏது? காகிதமும் மையும் இருக்கிற இடம். கேரட்டுக்கு எங்கே ஓடினார்கள்? காய்கறிக் கடை எத்தனை தெரு தள்ளி? கத்தி விழுந்து, ரத்தம் போய்க்கொண்டிருக்க, யாரோ ஒரு பெண் கேரட் கேரட் என்று கடை கடையாக ஓடி, கடைக்காரன் அரைக்கிலோதான் தருவேன் என்று சொல்லி, அவள் கெஞ்சி, இதெல்லாம் விரல் வெயிலில் கிடந்த நேரம். இவள் சொல்லிக்கொடுத்த பாடத்தின் நேரம். அந்த நேரம்தான் இப்போது விரல் வெளுத்துக் கிடக்கிற நேரமா. கேட்டுவிடலாம், துணிக்கு அந்தப் பக்கம்தான் முனீஸ்வரி இருக்கிறாள். கேட்க வாய் வரவில்லை. பதில் வேண்டாதபோது கேள்வியைக் கேட்காமல் இருப்பதை எந்த மொழிவழியிலும் படிக்க வேண்டியதில்லை.

இல்லை, மூன்றாவது தையல்தான். கேரட்டும் இல்லை ஒன்றும் இல்லை. ஒன்றை விட்டால் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் செக்குமாடுபோல மனம். தையலாக இருந்தால் திருத்திவிடலாம், இப்போதே பிரித்து மறுபடி போட்டால் போதும். கேரட்டாக இருந்தால் திருத்த முடியாது. ஆகவே தையலாகவே இருக்கட்டும் என்று மனம் ஆசைப்படுகிறது. தன் கைப் பிசகாக இருக்கட்டும், தன் வாய்ப் பிசகாக இருக்க வேண்டாம். எத்தனை ஷெட், எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை கேரட். நெஞ்சோடு கோத்திருந்த கைகள் எப்போது பிரிந்தன என்று அவளுக்குத் தெரியாது, வலது கை தட்டிலிருந்த நுண்ணிய இடுக்கியை எடுத்துவிட்டிருந்தது. முக்காலி ஒரு சாண் முன்னால் வந்தது. மைக்ராஸ்கோப்பின் கைப்பிடியை இழுத்தாள். எதிரே சிரிஞ்சின் துளிகள் நின்றன. "மேடம்," என்றாள் ஃபர்ஹானா மெதுவாக. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும், உலகம்மையின் முகத்தைப் பார்க்காமல் இடுக்கியைப் பார்த்துக்கொண்டு. "எங்க வீட்டுல, மேடம், உம்மா தம் பிரியாணி போடும்போது மூடியத் திறக்க விடமாட்டாங்க. நான் சின்னதுல திறந்துருவேன். நேரம் ஆச்சான்னு பாக்கணும்னு. உம்மா திட்டுவாங்க, நீ பாக்கிறதுனால அது வேகாதுடின்னு." அருமைநாயகம் திரையைப் பார்த்தபடியே, "தம் பிரியாணியில பார்க்கக் கூடாது, நெய்ச்சோத்துல பார்க்கலாம்" என்றார். விரலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசிவிடவில்லை. வழக்கம் மீறப்படவில்லை. இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்ததைவிட இவள் கூடுதலாகவே கற்றிருக்கிறாள் என்று நினைத்தபோது உலகம்மைக்கு வெட்கமாக இல்லை, வயிற்றில் சாப்பிட்ட மாதிரி ஒரு நிறைவுதான் இருந்தது. இடுக்கியைத் தட்டில் வைத்தாள். அது சத்தமில்லாமல் படுத்துக்கொண்டது. துளிகள் மறுபடி விழத் தொடங்கின.

"பிரியாணிங்கவும்தான் ஞாபகம் வருது," என்றாள் முனீஸ்வரி. "அந்தப் பொன்னுத்தாயி வெளியதான நிக்கா? என் கூடைய அவதான வச்சிருக்கா. யாராச்சும் அவகிட்டச் சொல்லுங்க, கூடையில காக்கிலோ கேரட்டு கெடக்கு, சாம்பாருக்குன்னு காலையில வேலைக்கு வார வழியில வாங்குனது. வீட்டுல கொண்டு போயிக் குடுத்துரச் சொல்லுங்க, எம்மகளுக்கு வேற காயி ஒண்ணுமில்ல." உலகம்மை அசையாமல் இருந்தாள். "கேரட்டு," என்றாள், வழக்கத்துக்குப் பழுதில்லை, சாப்பாட்டுப் பேச்சுதான், "உங்க கூடையிலதான் இருந்துச்சா?" "பின்ன? பொன்னுத்தாயி துணியெல்லாம் சுத்திட்டு, அய்யய்யோ டாக்டரம்மா கேரட்டுன்னாகளே, இப்பக் கேரட்டுக்கு எங்க போகங்கா. நான் கையத் தூக்கிப் பிடிச்சுட்டுக் கெடக்கேன், ரத்தம் ஓடுது, அப்பவும் நாந்தான் சொன்னேன், காலடியில என் கூடையில கெடக்குடி, எடுத்துத் தொலைன்னு. வெட்டுறதுக்குக் கத்தியாவது இருந்துச்சா? பல்லால கடிச்சுத்தான் துண்டு போட்டா. அதான் வெட்டு சுத்தமா இருக்காது, பாத்துக்கிடுங்க." ஸ்டெல்லா சத்தமாகச் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளக் கை இல்லாமல் தோளில் முகத்தைப் புதைத்தாள். அருமைநாயகத்தின் ஸ்டூல் கிறீச்சிட்டது. உலகம்மையும் சிரித்தாள், இந்த முறை சிரிப்பு தொண்டையோடு நிற்காமல் வயிறுவரை போயிற்று, கண்ணில் நீர் வந்தது, துடைக்க முடியாது, கையுறை. காலடியில் இருந்திருக்கிறது. எந்தத் தெருவும் இல்லை, எந்தக் கடைக்காரனும் இல்லை. ஒரு கடி நேரம். கலங்கிய கண்ணோடு பார்த்ததால்தான் முதலில் நம்பவில்லை. நகத்துக்கு அடியில், ஓரத்தில், பாலில் குங்குமப்பூ ஒற்றை இழை போட்டதுபோல ஏதோ ஒன்று. கண்ணைச் சிமிட்டினாள். சிமிட்டித் திறந்தபோது அது இழை இல்லை, நகம் முழுக்க இருந்தது. அங்கிருந்து மெல்ல மேடேறி ரேகைகளுக்குள் இறங்கி, தையல் போட்ட இடம்வரை வந்து, அந்தப் பக்கத்து நிறத்தோடு சேர்ந்துகொண்டது. விரல் உப்பி நிறைந்தது. ஃபர்ஹானா சிரிஞ்சை நிறுத்தவில்லை, ஆனால் அவள் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. உலகம்மை ஊசி நுனியால் விரல் முனையை லேசாகத் தொட்டாள். ஒரு துளி எழும்பியது. மருதாணிச் சிவப்பு இல்லை, கறுத்த சிவப்பும் இல்லை, நல்ல ரத்தம். மூன்றாவது தையலும் திறந்துதான் இருந்திருக்கிறது, பாவம், அதைப் போய் இவ்வளவு நேரம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. இன்னும் சில நாள் பார்க்க வேண்டும், நிறம் மாறுகிறதா, சூடு இருக்கிறதா என்று வார்டில் ஆள் மாற்றி ஆள் பார்க்க வேண்டும், அதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் கை நின்ற பிறகு வருகிற தமிழில் இப்போது பயம் இல்லை, வேறு என்னவோ இருந்தது, அதற்குப் பெயர் தேடத் தோன்றவில்லை. "முனீஸ்வரிம்மா," என்றாள். "இன்னைக்குச் சாயங்காலம் உங்களுக்குக் கஞ்சி. கொஞ்ச நாளைக்கு இடது கையால ஸ்பூன்லதான் சாப்பிடணும், உங்க மக மாதிரி." துணிக்கு அந்தப் பக்கம் வாயாடிப் பெண் ஒரு வார்த்தையை விழுங்குவது தெரிந்தது. கேட்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் அவள் நேராகக் கேட்கவில்லை. "கொஞ்ச நாளைக்கின்னா," என்றாள் கடைசியில், குரல் சின்னதாகி, "அப்பறம்?" "அப்புறம் பிசைஞ்சு, உருட்டி. கருவாட்டுக் குழம்போட." அருமைநாயகம் ஒரு பஞ்சை எடுத்து முனீஸ்வரியின் கண்ணோரத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க, "ரேஷன் கடையில வெரல வைக்கச் சொல்லுவானே, அந்த மெசினு ஒத்துக்கிடுமா?" என்று அழுதுகொண்டே அவள் கேட்டாள். "உங்க விரல்தான்மா, வேற யாருதுன்னு சொல்லும்?" என்றாள் உலகம்மை. கட்டுப் போடப் பஞ்சை விரித்தபோது ஸ்டெல்லா எஃகுக் கிண்ணத்தைக் காட்டினாள். "இதத் தூரப் போட்டிரவா மேடம்?" ஓரத்தில் பல் தடம் இருந்தது, இப்போதுதான் கவனித்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போனால் கேரட் வேண்டியதில்லை, அது காட்டுவதற்கு மட்டும்தான் என்று சொல்லியாக வேண்டும். வேறு எதையாவது வைத்துக் காட்டினால் அதுவும் கூடவே வரும், மெழுகுவர்த்தி என்றால் மெழுகுவர்த்தி, சாக்பீஸ் என்றால் சாக்பீஸ். அதற்குக் கேரட்டே மேல், யார் கூடையிலாவது கிடக்கும். "போட்டுருங்க சிஸ்டர்," என்றாள். "அப்படியே ஏசியைப் போடச் சொல்லுங்க. எனக்குப் பசிக்குது."